வெள்ளியங்கிரியின் கம்பி

"என் கம்பியைக் கழட்டி வெச்சுட்டு ஜெயிச்சிருக்கீங்க. ஏனுங்க அம்மணி?"

வெள்ளியங்கிரி நின்றபடியே கேட்டார். பக்கத்தில் நாற்காலி இருந்தது. அவர் உட்காரவில்லை.

ரேணுகாதேவி ஒரு பழைய காரின் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காரின் முன்னாலும் பின்னாலும் சிவப்பில் 'எல்' எழுதிய பலகை. கவுண்டம்பாளையத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருவது அவர் தொழில். வயது முப்பத்தொன்று. விடுமுறை நாட்களில் மலைப் பந்தயங்களில் ஓட்டுவார்.

வெள்ளியங்கிரிக்கு ஐம்பத்துநான்கு. கோயமுத்தூர் கணபதியில் பட்டறை. இருபத்தாறு வருடங்களாக ஒரே பொருளைத்தான் செய்கிறார்.

வேகமாகப் போகும் கார் வளைவில் திரும்பும்போது அதன் உடம்பு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. அந்த முறுக்கை நிறுத்த, பானெட்டுக்குள் இடமிருந்து வலமாக ஓர் இரும்புக் குழாயை இறுக்கிக் கட்டுவார்கள். கடைகளில் ஸ்ட்ரட் பார் என்று கேட்டு வாங்குவார்கள். வெள்ளியங்கிரிக்கு அது கம்பி.

அவர் கம்பி போட்ட வண்டி துளிகூட முறுக்காது. பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்து காத்திருந்து வாங்கிப் போவார்கள். போன மாதம் வரை ஒருவரும் கழற்றியதில்லை.

போன மாதப் பந்தயத்தில், முதல் நாள் ரேணுகாதேவி அந்தக் கம்பியோடு ஓட்டி ஒன்பதாவதாக வந்தார். இரண்டாம் நாள் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினார். தன் பிரிவில் முதலாவதாக வந்தார். மறுநாள் கணபதி முழுக்க அதே பேச்சு.

"சொல்லுங்க அம்மணி. என் வேலையில என்ன குத்தம்?"

ரேணுகாதேவி எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"நீங்க வண்டி ஓட்டுவீங்களாண்ணா?"

வெள்ளியங்கிரி தெருப்பக்கம் பார்த்தார். கணபதியிலிருந்து பஸ்ஸில்தான் வந்திருந்தார்.

"நான் செய்யறவனுங்க. ஓட்டறவன் இல்லை."

"எல்.எல்.ஆர். எடுத்துட்டு வாங்க. காலையில ஆறு மணிக்கு வகுப்பு."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"அதுக்குத்தான் வரச் சொல்றேன்."

*

பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். கைக்கு வந்த மறுநாள் ஆறு மணிக்கு வெள்ளியங்கிரி போய் நின்றார்.

பின் சீட்டில் ஸ்டெல்லா என்றொரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். அவளும் கற்றுக்கொள்ள வந்தவள். ரேணுகாதேவி ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார்.

"கம்பியைப் பத்திப் பேசலாமுங்களா?"

"கிளட்ச்சை மிதிங்க."

வண்டி நான்கு முறை நின்றுபோனது. ஐந்தாம் முறை துள்ளிப் பாய்ந்தது. ஸ்டெல்லா "ஏசுவே" என்றாள்.

இறங்கும்போது வெள்ளியங்கிரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பதிலுங்க?"

"நாளைக்கு ஆறு மணி."

*

இருபதாவது நாள், ரேணுகாதேவி வண்டியைக் கணபதிப் பக்கம் விடச் சொன்னார்.

"அந்த வழி வேண்டாமுங்க."

"ஏனுங்கண்ணா?"

"அங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும்."

"நல்லதாப் போச்சு. ஒதுங்கி நிப்பாங்க."

லேத்துப் பட்டறைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருவர் உள்ளே திரும்பிக் கத்தினார்.

"டேய், வெளியே வாங்கடா! நம்ம வெள்ளியங்கிரியண்ணன் எல் போர்டுல போறாரு!"

வெள்ளியங்கிரியின் காது சுட்டது. ஆனால் வண்டி நிற்கவில்லை. மூன்றாவது கியருக்கு மாற்றினார். சத்தமில்லாமல் விழுந்தது.

"இப்பப் போட்டீங்க பாருங்க, அதான் கியர்" என்றார் ரேணுகாதேவி.

வீட்டில் மனைவி லோகாம்பாள் சாப்பாடு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த வயசுல அந்தப் பொண்ணுகிட்டத் திட்டு வாங்கோணுமுங்களா?"

"திட்டறதே இல்லை."

"பின்னே?"

"பதிலும் சொல்றதில்லை" என்றார் வெள்ளியங்கிரி. தட்டைப் பார்த்தபடி கொஞ்சம் சிரித்தார். "இன்னைக்கு மூணாவது கியரைச் சரியாப் போட்டேன்."

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேணுகாதேவி தன் பந்தய வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு கரடிப்பாறை எஸ்டேட்டுக்குப் போனார்.

தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் தனியார் ரோடு அது. பத்தொன்பது கொண்டை ஊசி வளைவுகள். அடுத்த பந்தயம் அங்கேதான். ஞாயிறுகளில் ரோட்டை மூடி, பழகிக்கொள்ள விடுவார்கள்.

"அந்த மரத்தைப் பார்த்து நில்லுங்கண்ணா. நான் கூப்பிடற வரைக்கும் திரும்பாதீங்க."

பின்னால் பானெட் திறக்கும் சத்தம். ஸ்பேனர் சத்தம். பானெட் மூடும் சத்தம்.

பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து மேலே கூட்டிப்போனார். கீழே வந்ததும் மறுபடி மரத்தைப் பார்த்து நிற்கச் சொன்னார். மறுபடி ஸ்பேனர். இரண்டாம் முறை மேலே போனார்கள். பிறகு மூன்றாம் முறை.

"மூணுல உங்க கம்பி எப்ப இருந்துச்சு?"

வெள்ளியங்கிரி யோசிக்கவே இல்லை.

"ரெண்டாவது தடவை. என் கம்பி எனக்குத் தெரியாதுங்களா? சொன்ன இடத்துல திரும்பிச்சு வண்டி."

"மொதல் தடவை எப்படி இருந்துச்சுங்க?"

"அதுல டயர் கிரீச்சுன்னு கத்திட்டே வந்துச்சு. வெளிப்பக்கமாவே இழுத்துட்டுப் போச்சு. கைப்பிடியை விடவே இல்லை நான்."

ரேணுகாதேவி அவரைப் பார்த்தார்.

"மொதல் தடவைதான் இருந்துச்சுங்கண்ணா. ரெண்டாவதுலயும் மூணாவதுலயும் ஒண்ணுமே இல்லை."

தோட்டத்தில் எங்கோ மருந்தடிக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி அதையே கேட்டுக்கொண்டு நின்றார்.

"நம்ப மாட்டேனுங்க" என்றார்.

ரேணுகாதேவி பானெட்டைத் திறந்தார். அவர் கண் முன்னாலேயே கம்பியை மாட்டி இறுக்கினார். சாவியை அவர் கையில் வைத்தார்.

*

வெள்ளியங்கிரி ஓட்டினார். பெரிய வேகமில்லை. பத்து வளைவுகள் எப்படியோ ஏறிவிட்டார்.

பதினொன்றாவது வளைவு இடப்பக்கம். மரங்களின் நிழல். ரோட்டில் ஈரமும் கொஞ்சம் மணலும்.

திருப்பினார்.

வண்டி திரும்பவில்லை.

இன்னும் திருப்பினார். வண்டியின் மூக்கு நேராகவே போனது. டயர்கள் கத்தின. தேயிலைச் செடிகள் கண்ணாடிக்கு நேரே வந்தன. ரேணுகாதேவி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

ஒரு சக்கரம் சாக்கடையில் இறங்க, வண்டி நின்றது.

ரேணுகாதேவி எஞ்சினை அணைத்தார்.

"நான் திருப்பினேனுங்க அம்மணி. முழுசாத் திருப்பினேன்."

"ம்."

"முன்பக்கம் கட்டை மாதிரி இருக்குது. பின்பக்கம் தனியா வருது. ரெண்டும் ஒரே வண்டியே இல்லீங்க."

"ம்."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. குரல் மட்டும் உயர்ந்தது.

"இதை எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க? ஒன்றரை மாசமா கிளட்ச்சு, கியருன்னு அலைய விட்டுட்டு! மொதல்லயே என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னேனுங்கண்ணா."

"எப்ப?"

"போன வருஷம் ஆடி மாசம். பட்டறைக்கு ஃபோன் பண்ணினேன். கம்பி போட்டதுக்கப்புறம் வளைவுல மூக்கு வெளியே போகுதுங்கன்னு சொன்னேன்."

வெள்ளியங்கிரிக்கு நினைவு வந்தது. வெல்டிங் நடுவில் எடுத்த ஃபோன். ஒரு பெண் குரல்.

"நான் என்ன சொன்னேனுங்க?"

"கம்பியில குத்தமில்லை. ஓட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தாக் கூட்டிட்டு வா அப்படின்னீங்க. ஃபோனை வெச்சுட்டீங்க. என் கையிலதான் குத்தமோன்னு போன பந்தயம் வரைக்கும் அதைக் கழட்டலை."

ரேணுகாதேவியின் குரலில் கோபமில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெள்ளியங்கிரி வண்டியைவிட்டு இறங்கினார். வளைவின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மணலில் டயர் இழுத்துக்கொண்டு போன தடம் இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு எழுந்து டூல் பெட்டியைத் திறந்தார். ஸ்பேனரை எடுத்தார். இருபத்தாறு வருடங்களில் முதல்முறையாக, தான் செய்த கம்பியைத் தானே கழற்றினார்.

*

வண்டியைச் சாக்கடையிலிருந்து தள்ளி எடுத்து, கீழே போய், மறுபடி அவரே ஓட்டிவந்தார். கம்பி இல்லாமல்.

பதினொன்றாவது வளைவில் வண்டி திரும்பியது.

வளைவு தாண்டியதும் அவர் நிறுத்தினார். தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல் இருந்தார். குழாயைத் தட்டினால் எந்த இடத்தில் வெல்டு பிடிக்கவில்லை என்று சொல்லும் காது அவருடையது.

"இப்பத் திரும்புதுங்க."

"ஆமாங்கண்ணா."

"ஆனா பின்னாடி நெளியுது."

ரேணுகாதேவி திரும்பிப் பார்த்தார்.

"எங்கே?"

"பின் சீட்டுக்கு அடியில. வலது பக்கம் முதல்ல நெளியுது. அப்புறம் இடது பக்கம் வந்து சேருது. முதுகுல தெரியுதுங்க அம்மணி. உங்களுக்குத் தெரியலீங்களா?"

ரேணுகாதேவி இல்லை என்று தலையை ஆட்டினார்.

"மூணு வருஷமா இந்த வண்டியை ஓட்டறேன். எனக்குத் தெரியலைங்கண்ணா."

அன்று இறங்கும் வழி முழுக்க வெள்ளியங்கிரிதான் பேசினார். ரேணுகாதேவி கேட்டுக்கொண்டு வந்தார்.

*

அடுத்த நான்கு வாரம் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை.

முன்பக்கத்துக்கு ஒல்லியாக ஒரு குழாய் வளைத்தார். பின்பக்கத்துக்கு, வண்டிக்கு அடியில் பிடிக்கும்படி இன்னொன்று. ஞாயிறு தோறும் கரடிப்பாறைக்குக் கொண்டுபோய், தானே மாட்டி, தானே ஓட்டினார். சரியில்லை என்றால் கீழே வந்து, கழற்றி, அறுத்துப் போட்டார். ஆறு கம்பிகளை அறுத்தார்.

நடுவில் லைசென்ஸ் தேர்வும் வந்தது. ஓட்டிக் காட்டிவிட்டு இறங்கியபோது ஸ்டெல்லா கை தட்டினாள். அவளும் அன்றுதான் தேறினாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள், இரண்டு கம்பிகளையும் துடைத்து ரேணுகாதேவியின் முன்னால் வைத்தார்.

"எதைப் போடட்டுமுங்க?"

ரேணுகாதேவி ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க பார்க்க வேண்டாமுங்களா?"

"எனக்கு ஓட்டற வேலை இருக்குதுங்கண்ணா."

*

பந்தய நாள் காலை நல்ல வெயில். வெள்ளியங்கிரி இரண்டையும் மாட்டியிருந்தார்.

நாற்பது வண்டிகள். ஒவ்வொன்றாக மலையேற வேண்டும். எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கணக்கு. புறப்படும் வரிசையில் ரேணுகாதேவிக்கு முப்பத்தாறாவது இடம்.

முப்பது வண்டிகள் போன பிறகு தூறல் விழுந்தது.

முதலில் நாலு சொட்டு. பிறகு நிற்கவில்லை. ரோடு கறுத்தது.

வெள்ளியங்கிரி வானத்தைப் பார்த்தார். ரோட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முப்பத்தொன்றாவது வண்டி புறப்பட்டது. அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்ற வண்டிக்கு ஓடினார். ஈரத் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

கணபதியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

"என்ன பண்றாரு?"

"கம்பியைக் கழட்டறாருடா."

"யாரு கம்பியை?"

"அவரு கம்பியைத்தான்!"

சிரிப்புச் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டது. நான்காவது போல்ட்டு இறுகியிருந்தது. முழங்கையை ஊன்றித் திருகினார். ஸ்பேனர் வழுக்கி விரல் தோல் உரிந்தது. முப்பத்து நான்காவது வண்டி புறப்பட்டது. போல்ட்டு விட்டது.

சேறு படிந்த முதுகோடு, பின்பக்கக் கம்பியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். ஈர ரோட்டில் பின்பக்கம் கொஞ்சம் நெளிந்தால்தான் டயர் பிடிக்கும். நான்கு வாரம் அறுத்து அறுத்துச் செய்ததில் அதுதான் அவருக்கு மிகவும் பிடித்தது.

ரேணுகாதேவி உள்ளே ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். எதைக் கழற்றினீர்கள் என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கி ஒன்று மட்டும் கேட்டார்.

"பதினொண்ணுல எப்படிங்கண்ணா போகட்டும்?"

வெள்ளியங்கிரி குனிந்தார்.

"நீங்க எப்பவும் திருப்பற இடத்துல திருப்பாதீங்க. ஒரு வண்டி நீளம் தள்ளித் திருப்புங்க. மெதுவாத் திருப்புங்க. அது கேட்கும்."

"சரிங்க" என்றார் ரேணுகாதேவி.

கொடி இறங்கியது.

*

கீழே இருந்தவர்களுக்கு வண்டி தெரியாது. சத்தம் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும்.

வெள்ளியங்கிரி கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

எஞ்சின் சத்தம் தணிந்தது.

டயர் கத்தவில்லை. ஒரு சின்ன இடைவெளி. பிறகு எஞ்சின் மறுபடி முழங்கியது, வளைவுக்கு மேலே, சுத்தமாக.

அவர் கண்ணைத் திறந்தபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

ரேணுகாதேவி மொத்தத்தில் மூன்றாவதாக வந்தார். முன்னால் வந்த இரண்டும் அவர் வண்டியைப்போல் இரண்டு மடங்கு சக்தி உள்ளவை. இரண்டும் மழைக்கு முன்னால் காய்ந்த ரோட்டில் ஏறியவை. தூறலில் ஏறியவர்களில் அவரைத் தொட ஆளில்லை. ஒலிபெருக்கியில் அந்த நேரத்தை இரண்டு முறை வாசித்தார்கள்.

கணபதிக்காரர்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். வெள்ளியங்கிரியின் சேற்று முதுகில் ஆளுக்கு ஒரு தட்டு. ஒருவர் அவரிடமிருந்த கம்பியை வாங்கி, கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, பேசாமல் அடுத்தவரிடம் கொடுத்தார். அது வட்டம் சுற்றி வந்தது.

மலையிலிருந்து இறங்கிவந்த ரேணுகாதேவி நேராக அவரிடம் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஒரு வண்டி நீளம் தள்ளித் திருப்பினேனுங்கண்ணா."

"கேட்டுச்சுங்க அம்மணி."

அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் இருவர் முகத்தையும் பார்த்தவர்கள், கோப்பை யாருக்கு என்று ஒரு நிமிடம் குழம்பிப்போயிருப்பார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜ்மோகன் வந்தார். அன்றைய பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். கழுத்தில் மாலை இன்னும் இருந்தது.

"அண்ணா, இவங்க வண்டியில என்ன போட்டிருக்கீங்களோ, அது அப்படியே எனக்கும் வேணுமுங்க. நாளைக்கே வேணும்."

வெள்ளியங்கிரி ரேணுகாதேவியைப் பார்த்தார். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளியங்கிரி கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க தம்பி. ஒருதரம் மேலே போயிட்டு வந்துடறேன்."

ராஜ்மோகன் சிரித்தார்.

"எதுக்குங்கண்ணா? அது ஜெயிச்ச வண்டியாச்சே."

"அதனாலதான் கேக்கறேன். அதுல எதைத் தொடக் கூடாதுன்னு மொதல்ல பார்க்கோணும்."